நிறுத்திய வண்டியில் பேட்டரியைக் குடிப்பது எது?

வாசகர் கேள்வி – பதில்

பழைய வட ஆற்காடு மாவட்டத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பேட்டரி இறங்கும் தொல்லை பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பெட்ரோல் ஹேட்ச்பேக் கார். தினமும் ஓட்டினால் தொல்லை இல்லை. மூன்று நாள் வீட்டில் நின்றுவிட்டால் நான்காம் நாள் காலை செல்ஃப் எடுக்காது, 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வரும். புது பேட்டரி (35 ஏ.எச்., அதாவது ஆம்பியர்-மணி) போட்டும் அதே கதை. பேட்டரி கடையில் "பேட்டரி நல்லா இருக்கு சார்" என்கிறார்கள். மெக்கானிக் "டைனமோ மாத்தணும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – வாசகர், காட்பாடி

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் 10 மி.மீ. ஸ்பேனரும் இருந்தால் நீங்களே முடிவுக்கு வந்துவிடலாம். காரணம் மூன்றில் ஒன்றுதான். பேட்டரி சார்ஜைத் தாங்கவில்லை, டைனமோ ஏற்றவில்லை, அல்லது வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் எதை மாற்றினாலும் காசுதான் போகும். உங்கள் விஷயத்தில் ஒரு பேட்டரிக் காசு ஏற்கெனவே போய்விட்டது.

முதலில் ஏற்றும் பக்கத்தைப் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசி ஃபேனையும் போட்டு, பேட்டரி முனைகளில் வோல்ட் அளந்தால் 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவில்லை என்றால் டைனமோ, பெல்ட், எர்த் ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புதிய மாடல் சிலவற்றில் பேட்டரி நிரம்பியதும் கம்ப்யூட்டரே டைனமோவின் வோல்ட்டைக் குறைத்துவிடும். அதனால்தான் விளக்கைப் போட்டு அளக்கச் சொல்கிறோம்.

அடுத்தது பேட்டரி. ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள். அப்போதே அளந்தால் 13 வோல்ட் கூடக் காட்டும், அது மேலோட்டமான சார்ஜ். இரண்டு நிமிடம் ஹெட்லைட்டை எரியவிட்டு அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து அளந்து எழுதிவையுங்கள். பிறகு நெகடிவ் முனையைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மீண்டும் அளந்து பாருங்கள். நிரம்பிய பேட்டரி 12.6-க்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஒயர் கழற்றிய நிலையிலும் ஒரே இரவில் 12.6 என்பது 12.3-க்கு இறங்கினால் பேட்டரிதான் குற்றவாளி. 10.5 வோல்ட்டுக்கு வந்து நின்றால் ஆறு செல்லில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது என்று அர்த்தம். இறங்காமல் நின்றால், அடுத்த இரவு ஒயரை மாட்டிவைத்து அதே அளவை எடுங்கள். இப்போது இறங்கினால் குடிப்பது வண்டி. புது பேட்டரியிலும் அதே தொல்லை என்பதால் உங்களுக்கு இப்படித்தான் வரும் என்று நினைக்கிறோம்.

எவ்வளவு குடிக்கிறது என்று ஆம்பியரில் அளப்பதுதான் அடுத்த வேலை. எந்தக் காரும் நிற்கும்போது கொஞ்சம் குடிக்கும். கடிகாரம், ரிமோட் லாக், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20-லிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. 30 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 0.72 ஏ.எச்.; உங்கள் பேட்டரி பாதியாக மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதுவே 250 மில்லி ஆம்பியர் ஆனால் நாளுக்கு 6 ஏ.எச்., மூன்று நாளில் 18. ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் பேட்டரி எப்போதும் முழுதாக நிரம்பியிருக்காது. 28 ஏ.எச். இருந்ததாக வைத்துக்கொண்டால் நான்காம் நாள் காலை மிச்சம் 10. 'டக் டக்' சத்தத்தின் கணக்கு இதுதான்.

அளக்கும் முறையில் தவறு செய்தால் மீட்டர் போகும், அல்லது பொய்க் கணக்கு வரும். ஆகவே வரிசையாகச் செய்யுங்கள். பானெட்டைத் திறந்துவையுங்கள். டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். வண்டி தானாகப் பூட்டிக்கொண்டு சாவி உள்ளே மாட்டாமல் இருக்க இது. டிரைவர் கதவைத் திறந்தபடி வைத்து, கதவு விளிம்பில் இருக்கும் லாக் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்ப வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ஃப்யூஸ் பாக்ஸைக் கதவைத் தொடாமல் எட்ட முடியும். சாவியை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் வையுங்கள்.

மீட்டரில் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, குமிழையும் டிசி 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். இனி முக்கியமான இடம். நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு மீட்டரை நடுவில் வைக்காதீர்கள். கரண்ட் ஒரு நொடி அறுந்தாலும் எல்லா கம்ப்யூட்டர்களும் விழித்துக்கொள்ளும். மீட்டர் ஒயரின் ஒரு முதலைக் கிளிப்பைப் பேட்டரியின் நெகடிவ் ஈயக் குமிழிலும், இன்னொன்றைக் கேபிளின் கிளாம்பிலும் மாட்டுங்கள். பிறகு நட்டைத் தளர்த்திக் கிளாம்பை மெதுவாக மேலே தூக்குங்கள். கரண்ட் அறுபடாமல் மீட்டர் வழியாகத் திரும்பிவிடும். இந்த நிலையில் சாவி போடக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, ரிமோட்டை அழுத்தக் கூடாது. மலிவான மஞ்சள் நிற மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸே கிடையாது. செல்ஃப் அடித்தால் மீட்டரும் ஒயரும் புகைந்துவிடும்.

உடனே இரண்டு, மூன்று ஆம்பியர் காட்டும். பதற வேண்டாம். வண்டி தூங்குவதற்கு அரை மணி நேரம் ஆகலாம், சில கார்களில் ஒரு மணி நேரம். எண் படிப்படியாக இறங்கி ஓர் இடத்தில் நிற்கும். அதுதான் உண்மையான கணக்கு. பலர் ஐந்தாவது நிமிடத்தில் 600 மில்லி ஆம்பியரைப் பார்த்துவிட்டு 'லீக்' என்று முடிவு கட்டுகிறார்கள். அது லீக் இல்லை, தூங்கப் போகும் வண்டி. அரை மணிக்குப் பிறகும் 80-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் தேட ஆரம்பியுங்கள்.

தேடுவதற்கு ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் பழைய வழி. எந்த ஃப்யூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. ஃப்யூஸ் பாக்ஸ் மூடியின் உட்புறம் எது எதற்கு என்று அச்சிட்டிருக்கும். 'ரூம்' அல்லது 'டோம்' என்று எழுதிய ஃப்யூஸிலிருந்து தொடங்குங்கள். உள்விளக்கு, டிக்கி விளக்கு, ஸ்டீரியோவின் நினைவு எல்லாம் பெரும்பாலும் அதில்தான் தொங்கும்.

ஃப்யூஸைத் தொடும் முன்னால் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. டிக்கி விளக்கு மூடிய பிறகும் எரிகிறதா? செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, எடுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள் விளக்கு இருந்தால் அதற்கும் இதே வைத்தியம். 5 வாட் பல்பு ஒன்று நாளுக்கு 10 ஏ.எச். குடித்துவிடும். இரவில் வண்டியின் பின்புறம் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறது. பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சை அழுத்தும் சின்ன பிளாஸ்டிக் பொத்தான், நம் ஊர் வெயிலில் முறுகி உதிர்ந்துவிடும். காலடியில் மிதியடி மேல் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் அதுதான். இந்தப் பொத்தான் அற்ப விலைப் பொருள்.

எல்லாம் முடிந்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு அடுத்த முறை பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தால், அது நேர் ஷார்ட்.

கேள்வி: நீங்கள் சொல்லும் முறையில்தான் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். 400 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. எல்லா ஃப்யூஸையும் எடுத்தாலும் குறையவில்லை. டீசல் செடான், எட்டு வருடம் ஆகிறது. – வாசகர், குடியாத்தம்

பதில்: இதற்கு இரண்டு விளக்கம் உண்டு. ஒன்று, ஃப்யூஸை எடுத்து மாட்டும்போதே ஏதாவது கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டு, அது குடிப்பதையே லீக் என்று எண்ணுகிறீர்கள். இன்னொன்று, கோளாறு அந்தப் பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது.

முதல் சந்தேகத்தைத் தீர்க்க ஃப்யூஸைப் பிடுங்கவே வேண்டாம். ஒவ்வொரு பிளேடு ஃப்யூஸின் தலையிலும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை 200 மில்லிவோல்ட் அளவுக்குத் திருப்பி அந்த இரண்டு புள்ளிகளிலும் முனைகளை வையுங்கள். கரண்ட் போகாத ஃப்யூஸில் 0.0 காட்டும். போனால் சிறு எண் வரும்: 10 ஆம்பியர் மினி ஃப்யூஸில் 0.1 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 13 மில்லி ஆம்பியர், 15 ஆம்பியர் ஃப்யூஸில் அதே 0.1 ஏறத்தாழ 20. உங்கள் 400 மில்லி ஆம்பியர் ஒரே 10 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாகப் போனால் 3 மில்லிவோல்ட் காட்டும், தப்பவே முடியாது. பேட்டரி ஒயரைக் கழற்றாமலேயே இதைச் செய்யலாம் என்பதால், வண்டி நன்றாகத் தூங்கிய பிறகு இரவில் டார்ச் லைட்டுடன் போய்ப் பார்க்கலாம். ஃப்யூஸ் பாக்ஸ் ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே, இன்னொன்று பானெட்டுக்குள் இருக்கும். சில வண்டிகளில் பேட்டரியின் பாசிடிவ் முனை மேலேயே மூன்றாவதாக ஒரு பெட்டி உண்டு.

எல்லாவற்றிலும் பூஜ்யம் என்றால் சந்தேகம் டைனமோ மேல். அதன் தடித்த ஒயர் பேட்டரிக்கு நேராகப் போகிறது. உள்ளே இருக்கும் டயோடுகள் கரண்டை ஒரு திசையில்தான் விட வேண்டும். ஒன்று கெட்டால் பகலில் ஓரளவு சார்ஜும் ஏறும், இரவில் அதே வழியாகத் திரும்பியும் ஓடும். 14 வோல்ட் காட்டுகிறது என்பதாலேயே டைனமோவுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது என்பதை முதல் கேள்வி கேட்ட காட்பாடி வாசகரும் கவனிக்கலாம்.

சோதனை இது. பேட்டரி நெகடிவை முதலில் கழற்றுங்கள். டைனமோவின் பின்னால் ரப்பர் தொப்பி போட்ட தடித்த ஒயரின் நட்டைக் கழற்றி, ஒயர் முனைக்கு நன்றாக டேப் சுற்றி எதிலும் படாமல் ஒதுக்குங்கள். மீண்டும் மீட்டர் வழியாக நெகடிவை இணைத்து, வண்டி தூங்கும்வரை காத்திருங்கள். 400 என்பது 30-க்கு விழுந்துவிட்டால் வழக்கு முடிந்தது. முழு டைனமோவும் மாற்ற வேண்டியதில்லை. டயோடு தட்டை மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கழற்றியதோடு பேரிங், கார்பன் பிரஷ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜின் ஓடும்போது ஏசி வோல்ட்டில் (குளிர்சாதனம் அல்ல, மாறுதிசை மின்சாரம்) அளப்பது இன்னொரு சோதனை. அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி தெரிந்தால் டயோடு சந்தேகம். ஆனால் மலிவான மீட்டர்கள் ஏசி அளவில் வைத்தாலும் டிசியைப் பார்த்து 25, 30 என்று உளறும். இன்ஜினை அணைத்துவிட்டு முதலில் வெறும் பேட்டரியில் ஏசி அளந்து பாருங்கள். அங்கேயே எண் வந்தால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

டைனமோவும் இல்லை என்றால், ரிலேக்களை (ஃப்யூஸ் பாக்ஸில் இருக்கும், மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்சுகள்) தொட்டுப் பாருங்கள். வண்டி நின்று இரண்டு மணி நேரம் ஆன பிறகும் ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே எண் அச்சிட்ட பக்கத்து ரிலேயோடு இடம் மாற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

கேள்வி: கால் டாக்ஸி ஓட்டுகிறேன். நோயாளிகளை ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், அங்கேயே ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பேன். வண்டியில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ், ஃபாஸ்டேக் எல்லாம் உண்டு. இதில் எது பேட்டரியை இறக்கும்? – வாசகர், ஆம்பூர்

பதில்: ஃபாஸ்டேக்கை விட்டுவிடுங்கள். அதற்கு ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. சுங்கச்சாவடியில் இருக்கும் கருவி அனுப்பும் அலையிலேயே அது வேலை செய்கிறது.

முதல் சந்தேகம் ஸ்டீரியோதான். வெளியில் வாங்கிப் போடும் ஸ்டீரியோவுக்கு இரண்டு பாசிடிவ் ஒயர்கள் வரும். மஞ்சள், நினைவுக்கு, எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டும். சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம் என்று சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கிவிடும் வழக்கம் கடைகளில் இருக்கிறது. ஸ்க்ரீன் அணைந்தது போலத் தெரியும், உள்ளே சர்க்யூட் விழித்தபடியே இருக்கும். ஸ்டீரியோவை வெளியே இழுத்து அந்த முறுக்கைப் பிரியுங்கள். சிவப்பைத் தனியாக எடுத்து, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனில் கொடுங்கள். 12 வோல்ட் சாக்கெட்டின் ஃப்யூஸில் 'ஃப்யூஸ் டேப்' (ஒட்டும் டேப் அல்ல, ஃப்யூஸிலிருந்து கிளை ஒயர் எடுக்க உதவுவது) என்னும் சின்னப் பொருளை மாட்டி அங்கிருந்து எடுப்பது சுத்தமான வேலை. ஆனால் அந்த சாக்கெட் சாவியை எடுத்த பிறகும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில கார்களில் இருக்கும். அப்படியானால் அதில் செருகிவைத்த செல்போன் சார்ஜரும் இரவு முழுக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் ரிமோட் ஒயர், பெரும்பாலும் நீலம், ஸ்டீரியோவிலிருந்துதான் வர வேண்டும். நேர் பாசிடிவில் கொடுத்திருந்தால் ஆம்ப்ளிஃபயர் அணையவே அணையாது.

டேஷ்கேம் வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும் முறையில் இருந்தால் கால் ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும், அதாவது நாளுக்கு 6 ஏ.எச். அதற்கென்று வரும் ஒயர் செட்டில், பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கேமராவை அணைக்கும் வசதி உண்டு. 11.8 என்று வைத்திருந்தால் அது வெறும் பேச்சுக்கு. அதற்குள் பேட்டரி காலி. 12.2 அல்லது 12.4-க்கு மாற்றுங்கள்.

ஜிபிஎஸ் அதிகம் குடிக்காது. டாக்ஸி பர்மிட்டுக்காகப் பொருத்தியது என்றால் அதைக் கழற்றவும் கூடாது. ஒயர் இணைப்பை மட்டும் பாருங்கள்: வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தால் சூட்டில் பசை உருகி டேப் அவிழும், அப்புறம் பாடியில் பட்டு ஃப்யூஸ் போகும்.

கேள்வி: மகன் ராணுவத்தில் இருக்கிறான். ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். அவன் வாங்கிவைத்த கார் வீட்டு முன்னால் நிற்கிறது. ஞாயிறுதோறும் அவன் சித்தப்பா வந்து ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். இருந்தும் பேட்டரி இறங்கிவிடுகிறது. – ஒரு தந்தை, கம்மவான்பேட்டை

பதில்: ஐயா, சித்தப்பாவின் அக்கறை சரி, ஐந்து நிமிடம்தான் போதவில்லை. கணக்கு இப்படி. செல்ஃப் அடிக்க ஆகும் செலவு அதிகமில்லை: 150 ஆம்பியர் இரண்டு நொடி என்றால் 0.1 ஏ.எச். கூட இல்லை. ஆனால் வண்டி சும்மா நின்றே வாரத்துக்கு 5 ஏ.எச். குடித்திருக்கும். ஐந்து நிமிட ஐடிலிங்கில் அதில் கால் பங்கு திரும்பினாலே பெரிது. வாரம் ஒரு 4 ஏ.எச். நட்டம் என்று போய், ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு ஞாயிறு செல்ஃப் எடுக்காது. குளிர்ந்த இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பது சைலன்சருக்கும் ஆயிலுக்கும் நல்லதில்லை. உண்டாகும் நீராவி வெளியேறும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை.

வாரா வாரம் யாராவது வேலூர் வரை ஓட்டிப் போய்த் திரும்ப முடிந்தால் அதுவே போதும். முடியாவிட்டால், நெகடிவைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பாசிடிவ் நட்டை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டவுடன் பொறி பறக்கும்.

கழற்றும் முன் மூன்று விஷயம். சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, ஆகவே டிரைவர் கதவைச் சாவியால் பூட்டித் திறந்து ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அந்தச் சாவித் துளை வருடக்கணக்கில் திறக்காமல் இறுகிப்போயிருக்கும். டிக்கி மின்சாரத்தில் திறப்பது என்றால் உள்ளே எதையும் வைக்காதீர்கள். பழைய ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் (கோட்) இருந்தால் எழுதிவையுங்கள். மீண்டும் மாட்டிய பிறகு கடிகாரத்தைத் திருத்த வேண்டும். ஒரே தட்டில் ஏறும் பவர் கண்ணாடி ஏறாவிட்டால், முழுக்க ஏற்றிச் சில நொடிகள் சுவிட்சைப் பிடித்தபடியே இருந்தால் சரியாகும்.

ஒயரைக் கழற்றிவிட்டால் ஆறு மாதம் கவலையில்லை என்றும் நினைக்காதீர்கள். பேட்டரி தானாகவும் இறங்கும். சூடு 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை, வைகாசியில் நம் மாவட்டத்தில் பேட்டரிக்குப் பெரிய சோதனை. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது அதைக் கழற்றி எடுத்துப் போய்க் கடையில் மெதுவாக சார்ஜ் ஏற்றுங்கள்: 35 ஏ.எச். பேட்டரிக்கு மூன்று, நான்கு ஆம்பியர் போதும். அவசரத்துக்கு 10, 15 ஆம்பியரில் ஏற்றுவது தட்டுகளைக் கெடுக்கும். வீட்டிலேயே செய்ய விரும்பினால் தானாக நின்றுகொள்ளும் 'பராமரிப்பு சார்ஜர்' வாங்குங்கள். அது நிரம்பிய பிறகு 13.5 வோல்ட் அளவில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். 12.4-க்குக் கீழே மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரியில் தட்டுகளின் மேல் வெள்ளை சல்பேட் படிந்து இறுகும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய பலம் வராது.

கேள்வி: சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. வண்டி எட்டு மணி நேரம் வெயிலில் நிற்கிறது. கத்திரி வந்தால் பேட்டரியில் தண்ணீர் குறைகிறது, மேலெல்லாம் ஈரம், டெர்மினலில் வெள்ளைப் பூ. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா? ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமானது என்கிறார்களே? – வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறையுமே தவிர அற்றுப்போகாது. ஏசித் தண்ணீர் உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளின் மேல் தூசியோடு வழிந்து வருவது. டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் கேன் வாங்கினால் பல மாதம் வரும். ஆசிட் மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. மேல் கோடு வரை போதும். சார்ஜ் ஏறிய பிறகு ஊற்றுவது நல்லது, முன்னால் நிறைய ஊற்றினால் ஏறும்போது பொங்கி மேலே வழியும். அந்த ஈரத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும். தட்டு வெளியே தெரிகிறது என்றால் மட்டும் அது மூழ்கும் வரை முன்னாலேயே ஊற்றலாம்.

ஆறு செல்லிலும் சமமாகக் குறைந்தால் வெயில், அல்லது டைனமோ அளவுக்கு மீறி ஏற்றுகிறது. வோல்ட் 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பாருங்கள். ஒரே ஒரு செல்லில் மட்டும் குறைந்தால் அந்த செல் போகப் போகிறது. ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்து அளந்தால் மற்றவை 1.240, 1.250 காட்ட, அது 1.180-ல் நிற்கும். 0.050-க்கு மேல் வித்தியாசம் வந்த பேட்டரிக்கு அதிக நாள் ஆயுசில்லை.

மேலே இருக்கும் ஈரமும் அழுக்கும் சும்மா இல்லை, பேட்டரியின் தலையிலேயே ஒரு மின்பாதை அது. மீட்டரின் கறுப்பு முனையை நெகடிவ் குமிழில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்புறத்தில் அங்கங்கே தொடுங்கள். சுத்தமான பேட்டரியில் ஒன்றும் காட்டக் கூடாது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் இரவும் பகலும் அந்த வழியாகக் கசிகிறது. மூடிகளை இறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை அடங்கும் வரை தேய்த்து, சாதாரணத் தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். சோடா ஒரு துளியும் செல்லுக்குள் போகக் கூடாது, ஆசிட்டைக் கெடுத்துவிடும். டெர்மினலின் உட்புறத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து இறுக்கிய பிறகு வெளியே வாசலின் தடவுங்கள். இறுக்கும் முன் உள்ளே கிரீஸ் அப்புவது தவறு.

கேள்வி: பட்டன் ஸ்டார்ட் கார். லீக் எதுவும் இல்லை என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பத்து நாளில் இறங்குகிறது. – வாசகி, ஆரணி

பதில்: சாவியை எங்கே மாட்டுகிறீர்கள், அம்மா? போர்டிகோ சுவருக்கு அந்தப் பக்கம் ஆணியில் என்றால், காரும் சாவியும் இரவு முழுக்கப் பேசிக்கொண்டிருக்கலாம். வண்டியிலிருந்து ஐந்தாறு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இன்னொன்று: கியர் 'பி'யில் இல்லாமல் பட்டனை அழுத்தினால் பல கார்கள் முழுதாக அணையாது, ஏசிசி நிலையிலேயே (இன்ஜின் ஓடாமல் ஸ்டீரியோ போன்றவற்றுக்குக் கரண்ட் வரும் நிலை) நிற்கும். இறங்கும் முன் மீட்டர் போர்டு முழுவதும் இருண்டுவிட்டதா என்று பாருங்கள். இன்ஜினைத் தானாக அணைத்து எழுப்பும் வசதி உள்ள வண்டியானால், அதற்குரிய இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகை பேட்டரிதான் இருக்கிறதா என்றும் லேபிளில் சரிபாருங்கள். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டிருந்தால் அது சீக்கிரம் தளர்ந்துவிடும்.

கேள்வி: எலி ஒயரைக் கடித்தால் பேட்டரி இறங்குமா? – வாசகர், போளூர்

பதில்: இறங்கும். மேலுறை போன ஒயர் ஈரமான பாடியில் படும் இடத்தில் கசியும். மழைக்காலத்தில் இறங்கி வெயில் காலத்தில் சரியாகும் தொல்லை என்றால் இதைத்தான் முதலில் தேட வேண்டும். டேப் சுற்றி விடாதீர்கள்; ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். எலியை விரட்ட இன்ஜின் பக்கத்தில் வைக்கும் புகையிலைக் கட்டு, வாசனை இருக்கும் வரைதான் காக்கும். இன்ஜின் சூட்டில் காய்ந்ததும் எலி அதிலேயே கூடு கட்டும்.

கேள்வி: வாணியம்பாடி பக்கம் நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டது. லாரிக்காரர் கேபிள் கொடுத்து உதவ வந்தார். வாங்கலாமா? – வாசகர், வாணியம்பாடி

பதில்: நன்றி சொல்லிவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். உங்கள் காரின் கம்ப்யூட்டர் 12 வோல்ட்டுக்கு ஆனது. இன்னொரு கார் வரும்வரை காத்திருங்கள்.

கார் வந்ததும் வரிசை இது: சிவப்புக் கிளிப் முதலில் இறங்கிய பேட்டரியின் பாசிடிவில், மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிடிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகடிவில், அதன் மறுமுனை உங்கள் இன்ஜினின் பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில். இறங்கிய பேட்டரியின் நெகடிவில் மாட்ட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். கடைசி இணைப்பில் வரும் பொறி அதன் தலைமேல் விழக் கூடாது. நல்ல காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்கள் செல்ஃபை அடியுங்கள். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஓடத் தொடங்கியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கேபிள்களைக் கழற்றுங்கள். பகல் என்றால் ஹெட்லைட், ஏசி இல்லாமல் முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள். மறுநாள் காலை கதவைத் திறக்கும் முன் பானெட்டைத் திறந்து வோல்ட் அளந்து பாருங்கள், 12.4-க்குக் கீழே இருந்தால் கடையில் முழுசாக சார்ஜ் ஏற்றிய பிறகே இந்தப் பக்கத்தின் முதல் பதிலில் உள்ள இரவுச் சோதனையைத் தொடங்குங்கள். அரைகுறை பேட்டரியில் எடுக்கும் வோல்ட் கணக்கு எதையும் நிரூபிக்காது.